தேனில் முக்கினால் குச்சி வேர் விடுமா?

சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறோம். கடிதம் நீளமானது. அதன் சாரம் இது:

வாடகை வீடு, இரண்டாவது மாடி. மொட்டை மாடியில் பதினைந்து தொட்டி வரை வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகச் சம்மதித்திருக்கிறார். மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை குச்சி நட்டுப் பார்த்திருக்கிறார். ரோஜா பன்னிரண்டு, அதில் பாதி பக்கத்து வீட்டுப் பன்னீர் ரோஜா, மீதி கல்யாண வரவேற்பில் கிடைத்த பொக்கேயிலிருந்து உருவியவை. குண்டுமல்லி பத்து, செம்பருத்தி ஆறு, கறிவேப்பிலை நான்கு. வீடியோக்களில் பார்த்தபடி தேன், பட்டைத் தூள், சோற்றுக்கற்றாழை, இளநீர் எல்லாவற்றையும் ஒரே டம்ளரில் கலந்து, குச்சிகளை ராத்திரி முழுக்க ஊற வைத்தார். செம்மண்ணும் மாட்டு எருவும் சரிபாதி கலந்து நட்டார். தினமும் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினார். அது பற்றாதபோது ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர். மேலே பிளாஸ்டிக் கவரால் மூடி நல்ல வெயிலில் வைத்தார். வேர் வந்ததா என்று இரண்டு நாளைக்கு ஒரு முறை லேசாக இழுத்தும் பார்த்தார்.

ரோஜா பத்தே நாளில் அடி கறுத்து நாற்றம் எடுத்தது. மல்லி மூன்றாவது வாரம் இரண்டு ஜோடி இலை விட்டது. "வந்துடுச்சுன்னு அக்காவுக்கு போட்டோ எல்லாம் அனுப்பினேன், அடுத்த வாரமே தொங்கிடுச்சு." கறிவேப்பிலை அசையவே இல்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெறும் தண்ணீரில் போட்டு வைத்த இரண்டு செம்பருத்தி மட்டும் வேர் விட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிலில் கொசுப்புழு நெளிவதைப் பார்த்த வீட்டுக்காரர் மாடியைக் காலி செய்யச் சொல்கிறார்.

கேள்விகள் நான்கு. இந்தப் பொருள்களில் எது சிறந்தது, என்ன அளவு? கணவர் சொல்வதுபோல் வேர் ஊக்கி பவுடர் வாங்கினால், சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அந்த ரசாயனம் ஆபத்தில்லையா? "ஆடியில நட்டு சாணி வெச்சா தானா வரும்" என்று மாமியார் சொல்வது சரியா? வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல முடியுமா?

தோட்டக்கலை ஆலோசகரின் பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. நான்கு பொருள் சேர்த்து ஊற வைத்த குச்சிகள் எல்லாம் போய்விட்டன. ஒன்றுமே சேர்க்காத செம்பருத்திதான் வேர் விட்டது. தேனோ பட்டையோ கற்றாழையோ வேரை உண்டாக்குவதில்லை. வேர், குச்சியின் கணுவை ஒட்டிய திசுக்களிலிருந்து தானாக வருகிறது. அதற்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை குச்சி அழுகாமலும் காயாமலும் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வீட்டுப் பொருள் எதுவானாலும், அழுகலைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதோடு பெரும்பாலும் அதன் வேலை முடிந்துவிடும். அந்த அளவுக்கு மட்டும் எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

உங்கள் குச்சிகளுக்கு என்ன ஆனது

ரோஜாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அறுத்த முனை ஒரு திறந்த காயம். அதைச் சர்க்கரை நிறைந்த கலவையில், கோடைக்கால ராத்திரியில், எட்டுப் பத்து மணி நேரம் மூழ்க வைத்திருக்கிறீர்கள். நம் ஊர்ச் சூட்டில் இளநீர் விடிவதற்குள் புளித்துவிடும். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகும். மூழ்கிய பகுதிக்குக் காற்றும் கிடைக்காது. அதோடு நேராக எரு கலந்த மண்ணுக்குள் போனது. அதற்கு மேல் தினமும் கஞ்சிப் பசை உள்ள கழுநீர். அறுத்த புண்ணில் பாயசம் ஊற்றிக் கட்டிய கதைதான். அடி கறுத்து நாற்றம் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பொக்கே ரோஜாவை இனி நட வேண்டாம். அவை பெரும்பாலும் ஓசூர் போன்ற இடங்களில் பசுமைக்குடிலில் வளர்த்து, நீளத் தண்டோடு வெட்டி, குளிர்பதனத்தில் நாள் கணக்கில் வைத்து வருபவை. தண்டில் சேமிப்பு கரைந்திருக்கும். தாய்ச்செடியே வேறொரு முரட்டு ரோஜாவின் வேரில் ஒட்டுக்கட்டி வளர்த்ததாகத்தான் இருக்கும். அபூர்வமாக வேர் விட்டாலும், சொந்த வேரில் அந்தப் பூ அந்தத் தரத்தில் வராது.

மல்லி விஷயம்தான் நிறையப் பேரை ஏமாற்றுவது. துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்டில் ஏற்கெனவே மொட்டு இருக்கிறது, கொஞ்சம் மாவுச்சத்து சேமிப்பும் இருக்கிறது. சூடும் ஈரமும் கிடைத்ததும், வேர் இருக்கிறதோ இல்லையோ, மொட்டு விரிந்துவிடும். புது இலை தண்ணீரை ஆவியாக்கும். கொடுக்க வேர் இல்லை. சேமிப்பு தீர்ந்த அன்று தொங்கிவிடும். உங்கள் மல்லி நான்காவது வாரம் தொங்கியது இதனால்தான். நீங்கள் இழுத்துப் பார்த்ததும் உதவவில்லை. முதலில் அறுத்த முனையில் வெளுப்பாக ஒரு தடிப்பு கட்டும், பிறகு நூல்போல வேர் எட்டிப்பார்க்கும். அந்தக் கட்டத்தில் சின்ன அசைவிலேயே அது முறிந்துவிடும்.

பிளாஸ்டிக்கால் மூடியது சரியான யோசனை. வெயிலில் வைத்ததுதான் தவறு. மூடிய கவருக்குள் நேர் வெயில் பட்டால், சித்திரை மதியத்தில் கொஞ்ச நேரத்திலேயே குச்சி வெந்துவிடும்.

தேன் முதல் உருளைக்கிழங்கு வரை

தேனுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. அதில் தண்ணீர் குறைவு, புளிப்புத்தன்மை உண்டு. தண்ணீர் கலந்ததும் அதிலுள்ள ஒரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை மெல்ல உண்டாக்குகிறது. ஆனால் கொதிக்கும் நீரில் தேனைக் கரைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். பல வீடியோக்களில் செய்வது அதைத்தான். கடையில் வாங்கும் தேன் பலவும் ஏற்கெனவே சூடாக்கப்பட்டது என்பது வேறு. தண்ணீர் கலக்காமல் அப்படியே தடவினால், அறுத்த இடத்துச் செல்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். ரொம்ப நீர்த்துவிட்டால் மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர், எறும்புக்கு விருந்து. பயன்படுத்தியே தீருவேன் என்றால், கொதித்து ஆறிய 100 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கலந்து, முனையை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள், போதும். என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்குத் தோசையில் ஊற்றிக் கொடுப்பது அந்தத் தேனுக்கு நல்ல உபயோகம்.

இளநீர் விஷயத்தில் ஒரு பாதி உண்மை ஊதிப் பெரிதாகிவிட்டது. 1941இல் ஊமத்தைச் செடியின் மிக இளம் கருவைச் சோதனைக்கூடத்தில் வளர்க்க, தேங்காய்க்குள் இருக்கும் தண்ணீர் உதவியது. அன்றிலிருந்து திசு வளர்ப்பில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அதில் பெயர்பெற்றது சைட்டோகைனின் என்ற செடி ஹார்மோன். 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற இரு விஞ்ஞானிகள் புகையிலைத் திசுவில் தெளிவாகக் காட்டினார்கள்: ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோன் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தளிர். அதாவது வேர் வேண்டிய நேரத்தில் இளநீர் தளிர் பக்கம் தள்ளக்கூடியது. முருங்கைக்கீரைச் சாறும் அந்த வகைதான். வேர் பிடித்து வளரும் செடிக்குத் தெளிக்கலாம், குச்சிக்கு வேண்டாம். சோதனைக்கூடத்தில் எல்லாம் கிருமி நீக்கிய குப்பிக்குள் நடக்கிறது. உங்கள் டம்ளரில் அந்த வசதி இல்லை.

பட்டைத் தூள் பூஞ்சையைத் தடுக்கும். நம் மளிகைக் கடைப் பட்டை பெரும்பாலும் காசியா வகை, அசல் பட்டை அல்ல. அதனால் பாதகமில்லை, வேலை செய்யும் சின்னமால்டிஹைடு அதிலும் இருக்கிறது. அறுத்த முனையைத் தூளில் தொட்டு, தட்டிவிட்டு, மெல்லிய பூச்சாக மட்டும் நிறுத்துங்கள். தடிமனாக அப்பினால் முனை வறண்டு தண்ணீர் ஏறாது. மஞ்சள் தூளும் கிட்டத்தட்ட இதே வேலைதான், ஆனால் கிழங்கு மஞ்சளை அரைத்த தூளாக இருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சோற்றுக்கற்றாழையைச் சொல்வேன். சில செடிகளில் நடந்த சோதனைகளில் அது வேர் வளர்ச்சிக்கு ஓரளவு உதவியிருக்கிறது, எல்லாச் செடியிலும் இல்லை. அதன் வழவழப்பு முனையைக் காயவிடாது. தேன், இளநீர் அளவுக்குச் சர்க்கரையும் கிடையாது. முற்றிய அடி இலை ஒன்றை அறுத்துக் கால் மணி நேரம் சாய்த்து நிறுத்துங்கள். மஞ்சளாக வடியும் பால் போகட்டும். உள்ளே இருக்கும் சோற்றை வழித்து மசித்து, முனையை இரண்டு விரல்கடை ஆழம் முக்கி, பத்து நிமிடம் வைத்து, உடனே நடுங்கள். மிஞ்சியதை மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. கற்றாழை அல்லது பட்டை, ஏதாவது ஒன்று மட்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் குழைத்தால் பலன் கூடாது, அழுகல்தான் கூடும்.

அரிசி கழுவிய தண்ணீர் வேர் பிடித்து ஒரு மாதம் ஆன செடிக்குச் சரி, குச்சிக்குக் கூடவே கூடாது. உருளைக்கிழங்கில் ரோஜாக் குச்சியைச் செருகும் வேலையை நீங்கள் இன்னும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். செய்யாதீர்கள். நம் சூட்டில் கிழங்கு அழுகி, குச்சியையும் கூட அழைத்துப் போகும்.

இவை உண்மையில் உதவுகின்றனவா என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், அடுத்த முறை ஒரே செடியிலிருந்து எட்டுக் குச்சி எடுத்து, நான்கை எதுவும் தடவாமல் நடுங்கள். வீடியோ எடுப்பவர்கள் இதை மட்டும் செய்து காட்டுவதில்லை.

தண்ணீரைப் பாருங்கள்

கடிதத்தின் ஓரத்தில், போர் தண்ணீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மில்லிகிராம் கணக்கில்) 1,800 என்று ஆர்.ஓ. சர்வீஸ்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான். குடிநீருக்கான இந்தியத் தர அளவே 500. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. கரையை ஒட்டிய நம் பேட்டைகளில் போர் உப்புக்கரிப்பது புதிதல்ல. வளர்ந்த செம்பருத்தியோ அரளியோ அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். வேர் இல்லாத குச்சி தாங்காது. அறுத்த முனை வழியாக உப்பு நேரே ஏறும், இலை ஓரம் கருகும்.

ஆர்.ஓ. கழிவுநீர் இதைவிட மோசம். மெஷின் உப்பைப் பிரித்து அதில்தான் தள்ளுகிறது. 1,800 உள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை நல்ல நீராக எடுத்துவிட்டால், மிச்சத்தில் 2,600க்கு மேல் நிற்கும். வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுவது நல்ல மனசுதான்; அதைத் தரை துடைக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சிக்கு நல்ல தண்ணீர் மூன்று இடத்தில் கிடைக்கும். மழைத் தண்ணீர் ஒன்று. ஏ.சி.யின் டியூபிலிருந்து சொட்டும் தண்ணீர் இன்னொன்று. அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவுக்கு ஒரு பக்கெட் கூடச் சேரும். உங்கள் வீட்டில் இல்லையென்றால் கீழ்வீட்டில் கேட்டு வாங்குங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். மூன்றாவது மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, துணியால் மூடி ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் வாடை போய்விடும்.

ஆடியில் நடும்போது

மாமியார் சொன்ன காலம் சரி. மாசியிலிருந்து வைகாசி வரை, அதிலும் அக்னி நட்சத்திரத்தில், மொட்டை மாடியில் குச்சி நடுவது வீண் வேலை. ஆடியில் சாயங்கால மழை ஒன்றிரண்டு விழுந்து காற்றில் ஈரம் ஏறும். ஆனால் அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்று குச்சியை உலர்த்திவிடும், அதனால் மூடாக்கு கட்டாயம். ஆடி முதல் புரட்டாசி வரை ஒரு பருவம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அழுகல் அதிகம். மழை ஓய்ந்து மார்கழி, தை இரண்டாவது பருவம்.

நடும் கலவையில் எரு, மண்புழு உரம், தோட்ட மண் எதுவும் வேண்டாம். 650 கிராம் கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கட்டி ஒன்று ஊறினால் ஏழெட்டு லிட்டர் வரும், உங்களுக்குத் தாராளம். அதிலும் உப்பு இருக்கும். ஊற வைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி, மூன்று முறை அலசுங்கள். கடைசி அலசல் ஏ.சி. தண்ணீரில் இருக்கட்டும். பிழிந்த நீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 500க்குக் கீழே காட்ட வேண்டும். இதோடு சம அளவு கரடுமுரடான மணல். எம் சாண்ட் என்றால், மாவுபோன்ற தூசி போய்த் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். காசிமேட்டுக் கரையிலிருந்து ஒரு பை அள்ளி வந்துவிடலாமே என்று தோன்றும். கடல் மணலில் உப்பைக் கழுவினாலும் கிளிஞ்சல் சுண்ணாம்பு போகாது. வேண்டாம்.

முதல் நாள் மாலை தாய்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். ரோஜாவில், பூத்து உதிர்ந்து ஒரு வாரம் போன கிளை சரியான பருவம். முள்ளைப் பக்கவாட்டில் கட்டை விரலால் தள்ளுங்கள். 'டக்'கென்று சுத்தமாக உடைந்து வந்தால் தண்டு பக்குவம். வளைந்து நாராகக் கிழிந்தால் இன்னும் இளசு. தடிமன் பென்சில் அளவு, நீளம் 15 சென்டிமீட்டர், மூன்று நான்கு கணு. பிளேடையோ கத்தரியையோ சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். அடியில் கணுவுக்கு மிக அருகே கீழாகச் சாய்வு வெட்டு. மேலே கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நேர் வெட்டு. எது தலை, எது கால் என்ற குழப்பமும் வராது. பூ, மொட்டு எல்லாம் கிள்ளிவிடுங்கள். மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். ரோஜாவுக்கு மட்டும் அடியில் ஒரு பக்கம் இரண்டு சென்டிமீட்டர் பட்டையை மெல்லச் சீவிவிட்டால் வேர் வர இடம் கூடும்.

கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு, அதை ஒரு காகித டம்ளருக்குள் இறக்கி வையுங்கள். காகித டம்ளருக்கும் அடியில் ஓட்டை வேண்டும். வேர் வந்ததா என்று பார்க்க வெளி டம்ளரை உருவினால் போதும், குச்சியைத் தொட வேண்டியதில்லை. கலவையைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் ஈரம் சரி, ஒழுகினால் அதிகம். பென்சிலால் குழி போட்டு, இரண்டு கணு உள்ளே போகும்படி வைத்து, சுற்றி அழுத்துங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்தால் மூடாக்கு தயார். தண்ணீர் டேங்கின் நிழலில், வெளிச்சம் உண்டு வெயில் இல்லை என்ற இடத்தில் வையுங்கள். தினம் காலையில் மூடியைத் திறந்து பத்து நிமிடம் காற்று விடுங்கள். உள்பக்கம் லேசாகப் பனி பூத்திருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

வேர் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஓடியதும், ஒரு வாரம் மூடியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் நேரம் திறந்து பழக்கி, பிறகு செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் ஒன்று, மண்புழு உரம் ஒன்று கலந்த ஆறு அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். முதலில் காலை வெயில் இரண்டு மணி நேரம் போதும். பன்னீர் ரோஜாவில் பத்துக்கு ஐந்தாறு பிழைத்தால் நல்ல கணக்கு. அதனால் வேண்டியதைப் போல இரண்டு மடங்கு நடுங்கள்.

செடிக்குச் செடி வழி வேறு

குண்டுமல்லிக்குக் குச்சியைவிடப் பதியம் நிச்சயம். தாழ்வான கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்குக் கீழே பட்டையில் சின்னக் கீறல் போட்டு, பக்கத்துத் தொட்டி மண்ணில் இரண்டு அங்குலம் புதைத்து, மேலே கல் வையுங்கள். தாய்ச்செடி சோறு போட்டுக்கொண்டே இருப்பதால் காய்ந்துபோகும் பயம் இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் அறுத்துப் பிரிக்கலாம். ஆடி வரை காத்திருக்கவும் வேண்டாம், ஈரம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால் இந்த வாரமே போடலாம்.

நாட்டுச் செம்பருத்தி சுலபம். அடுக்குப் பூ ஒட்டு ரகங்கள் சண்டித்தனம் செய்யும். வெட்டுமுன் கணுக்களில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதையும் சேர்த்தே பயிர் செய்வீர்கள்.

கறிவேப்பிலைக் குச்சியை மறந்துவிடுங்கள். தண்டிலிருந்து வேர் வருவது அரிது. பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் கன்றை, கொஞ்சம் வேரோடு மண்வெட்டியால் வெட்டி எடுப்பது ஒரு வழி. கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, நான்கு நாளுக்குள் விதைப்பது மற்றொரு வழி. விதை காய்ந்து பழசானால் முளைக்காது. சிலர் விதை வாங்கி ஏமாறுவது அதனால்தான்.

சாணி பற்றி: மாமியார் முருங்கைப் போத்தை, அதாவது நடுவதற்கு வெட்டும் தடித்த கிளையை, மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். மூன்று நான்கு அடி நீளப் போத்தின் மேல் வெட்டில் சாணி அப்புவது காய்ந்துபோவதையும் மழைநீர் இறங்குவதையும் தடுக்கும், நல்ல பழக்கம். மண்ணுக்குள் போகும் அடி முனையில், அதுவும் பென்சில் தடிமன் ரோஜாவில், பச்சைச் சாணி அழுகலைத்தான் கொண்டுவரும். மாடித் தொட்டியில் முருங்கை வேண்டுமென்றால் போத்து வேண்டாம், பெரியகுளம் பி.கே.எம்.1 ரக விதை போடுங்கள்.

புதினா, கற்பூரவல்லி, பொன்னாங்கண்ணிக்கு ஒரு பொருளும் தேவையில்லை. ஒடித்து நட்டால் பத்து நாளில் வேர் பிடிக்கும்.

பவுடர் வாங்கலாமா

ரோஜாவுக்கு மட்டும் வாங்கலாம். மல்லிக்கும் நாட்டுச் செம்பருத்திக்கும் அது இல்லாமலே வரும். பவுடரில் வேலை செய்வது ஐ.பி.ஏ. என்ற இண்டோல் பியூட்ரிக் அமிலம். மீதி டால்க் தூள். 1935இலேயே அதன் வேரூக்கும் குணம் கண்டறியப்பட்டு, இன்றுவரை நர்சரிகளின் முதல் தேர்வாக இருக்கிறது. மக்காச்சோளம் போன்ற செடிகளில் இயற்கையாகவும் இருப்பதுதான். பாக்கெட்டில் அளவு பாருங்கள்: இளந்தண்டுக்கு 0.1 சதவீதம், ரோஜா போன்ற அரை முற்றலுக்கு 0.3, காகிதப்பூ போன்ற முற்றிய கட்டைக்கு 0.8. அதிகம் போட்டால் அதிக வேர் வராது. முனை கறுக்கும், மொட்டு விரியாது.

பிள்ளைகள் பற்றிய உங்கள் பயத்துக்கு நேரான பதில்: அது சாப்பிடும் பொருளல்ல, மூச்சில் இழுக்கும் தூளும் அல்ல. கையுறை, முகக்கவசம் போட்டு, காற்று அடிக்காத இடத்தில் ஒரு சிட்டிகையை மூடியில் கொட்டிப் பயன்படுத்துங்கள். ஈரக் குச்சியைப் பாக்கெட்டுக்குள்ளேயே விட்டால் மொத்தமும் கெடும். மிஞ்சியதை இறுக்கிக் கட்டி, பிள்ளைகளின் கை எட்டாத பூட்டிய அலமாரியில், சூடு படாமல் வையுங்கள். மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் வேண்டாம். இயற்கை என்றாலே ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். அரளிக் குச்சியைத் தண்ணீரில் போட்டு வைத்தால் அந்தத் தண்ணீரே விஷம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சமையலறை டம்ளரில் அதைச் செய்யவே கூடாது.

வீட்டுக்காரரும் கொசுப்புழுவும்

கொசு விஷயத்தில் அவர் கோபம் நியாயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த, கொஞ்சத் தண்ணீரில்தான் முட்டையிடும். நம் சூட்டில் ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். மாநகராட்சி ஊழியர்கள் சோதனைக்கு வந்து புழுவைப் பார்த்தால், அபராத நோட்டீஸ் கட்டட உரிமையாளர் பெயரில்கூட வரலாம். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. முட்டை பாட்டிலின் உள்சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரில் வேர் விடுவதாக இருந்தால், மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றி, வாயில் வலைத்துணி கட்டுங்கள். உங்கள் இரண்டு செம்பருத்தியையும் வேர் மூன்று சென்டிமீட்டர் வந்ததும் கோகோபீட் கலவைக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரிலேயே நீள விட்டால் வேர் ஒடிசலாகி, மண்ணில் பிழைக்கத் திணறும்.

காலி செய்யச் சொல்லும் உரிமை பற்றி: வாடகை ஒப்பந்தத்தில் மொட்டை மாடி உங்கள் உபயோகத்துக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது அவர் கொடுத்த அனுமதிதான், திரும்பப் பெறவும் செய்யலாம். சட்டம் பேசுவதைவிட, பாட்டிலை அகற்றி, தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்காமல் செய்து, தொட்டிகளைத் தளத்தில் ஒட்டாமல் செங்கல் மேல் தூக்கி, பாரத்தைச் சுவர் ஓரமாக மாற்றிவிட்டு அவரை மேலே அழைத்துக் காட்டுங்கள். சம்மதித்தால், தொட்டி எண்ணிக்கையோடு அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் செத்த குச்சிகளைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். அந்த எரு மண்ணைத் திரும்பக் குச்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. நனைத்து, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஷீட்டால் காற்றுப் புகாமல் மூடி, மூன்று நான்கு வாரம் வெயிலில் வேக விட்டால், வளர்ந்த செம்பருத்தித் தொட்டிக்கு அது ஆகும்.